பரண்ல கிடக்கிற பழைய பொம்மைக்குப் புது முகம், புதுப் புடவை... வீட்டிலேயே செய்வது எப்படி?

உங்க வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருக்கும். பழைய சூட்கேஸ், உடைஞ்ச டேபிள் ஃபேன், கல்யாண ஆல்பம் எல்லாத்துக்கும் அடியில ஒரு பாலிதீன் கவர். உள்ளே ஒரு பொம்மை. ஒரு கண் மூடாது. முடி தேங்காய் நார் மாதிரி சிக்கிப் போயிருக்கும். போட்டிருந்த கவுன் எங்கே போச்சுன்னு யாருக்கும் தெரியாது. தூக்கிப் போடவும் மனசு வராது, எடுத்து வைக்கவும் இடம் இருக்காது.

எனக்கு அப்படி ஒரு பொம்மை கிடைச்சது ஜெகதாப்பட்டினத்தில், பெரியம்மா வீட்டில். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில், பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிற மீன்பிடி ஊர் அது. விசைப்படகுகள் வரிசையா நிற்கிற துறை, தெருவுக்குத் தெரு வலை பின்னுகிற கைகள். 1999-ல் சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா, அக்காவுக்காக வாங்கி வந்த பொம்மை. படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். சுமார் 40 செ.மீ உயரம். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த அன்றைக்குக் கூரை ஷீட் பறந்து, பரணில் இருந்த எல்லாமே நனைஞ்சது. அந்தப் பொம்மையும்தான். பெரியப்பா இப்போது இல்லை. அக்காவின் மகளுக்கு ஐந்து வயசு. ‘இதைச் சரி பண்ணிக் கொடேன்’ என்று அக்கா என்னிடம் தந்தபோது ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டார். ‘கன்னத்துல இருக்கிற திருஷ்டிப் பொட்டை மட்டும் தொடாதே. அது அப்பா வெச்சது.’

மார்க்கர் பேனாவால் வைத்த கறுப்புப் பொட்டு. நான் கையில் அசிட்டோன் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன்.

பழைய பொம்மையைச் சரி பண்ணுகிற வேலையில் பாதி இதுதான். எதைச் சரி பண்ணணும்னு எல்லோரும் கேட்பாங்க. எதை விட்டுவைக்கணும்னு முதலிலேயே கேட்டுக்கிட்டால் பின்னால் வருத்தப்பட வேண்டியதில்லை. ஆரம்பிக்கும் முன் பொம்மையை நாலு பக்கமும் போட்டோ எடுங்க. அதை யார் வெச்சிருந்தாங்களோ அவங்ககிட்ட காட்டுங்க. பேனாக் கிறுக்கலாகத் தெரிகிற ஒன்று, யாரோ ஒருத்தர் எழுதிய பெயராக இருக்கலாம்.

இது ஒண்ணும் வெளிநாட்டு ஃபேஷன் இல்லை

‘பொம்மை ரெஸ்டொரேஷன்’ என்று தேடினால் உங்க போனில் வருகிற வீடியோக்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்களுடையதுதான். அதில் ரொம்பப் பேசப்பட்டவர் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த சோனியா சிங். செகண்ட் ஹேண்டில் கிடைத்த பிராட்ஸ் பொம்மைகளின் அடர்ந்த மேக்கப்பை முழுக்க அழித்துவிட்டு, சாதாரணக் குழந்தை முகம் வரைந்தார். அவருடைய அம்மா அந்தப் பொம்மைகளுக்குக் கையால் உடை செய்து கொடுத்தார். ‘ட்ரீ சேஞ்ச் டால்ஸ்’ என்ற பெயரில் 2015 ஜனவரியில் அவர் போட்ட படங்கள் உலகம் முழுக்கப் பரவின. அதற்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் ‘பொம்மை ஆஸ்பத்திரி’ இருக்கிறது. 1830-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

ஆனால், பழைய பொம்மைக்கு வருஷா வருஷம் புதுத்துணி கட்டிப் பார்க்கிற பழக்கம் நம்ம ஊரில் எப்போதோ வந்தாச்சு. மரப்பாச்சியை நினைத்துப் பாருங்க. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அம்மா வீட்டில் கொடுத்துவிடுவாங்க. நவராத்திரி வந்தால் அலமாரியிலிருந்து இறக்கி, துடைத்து, பட்டுத்துண்டு, ஜரிகை, பாசிமணி வைத்து அலங்காரம் பண்ணி, கொலுவின் மேல்படியில் நிறுத்துவாங்க. ஒரே பொம்மை, மூணு தலைமுறை, ஒவ்வொரு வருஷமும் வேற வேற புடவை. இதைவிடப் பெரிய ‘ரெஸ்டொரேஷன்’ என்ன இருக்கு?

செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ரவி வர்மாவின் அச்சுப் படங்களில் இருக்கிற தெய்வங்களுக்கே நிஜத் துணியும் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிப் புடவை உடுத்தினார்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் அப்படிப்பட்ட படங்களைப் பார்க்கலாம்.

டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் ஷங்கர் 1965-ல் தொடங்கிய சர்வதேச பொம்மை அருங்காட்சியகத்துக்குப் போனால் கட்டாயம் நேரம் ஒதுக்குங்க. அங்கேயே ஒரு பொம்மைப் பட்டறை உண்டு. நம் நாட்டின் ஒவ்வொரு பகுதி உடையையும் கையால் தைத்து, நகை முதல் கொசுவம் வரை அளவு பார்த்துச் செய்கிறார்கள். ‘பொம்மைத் துணிதானே’ என்கிற அலட்சியம் அங்கே போனால் காணாமல் போகும்.

முதல்ல, பொம்மை எதில் செஞ்சதுன்னு பாருங்க

காயலாங்கடை, சென்னை பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, காரைக்குடி பழம்பொருள் கடை, சொந்தக்காரங்க பரண்... பொம்மை எங்கிருந்து வந்தாலும் முதல் வேலை இதுதான். இதில் தப்பு பண்ணினால் பிறகு எதுவும் திருத்த முடியாது.

1980-களுக்குப் பிறகு வந்த பொம்மைகளில் பெரும்பாலும் தலை மட்டும் மெத்தென்ற வினைல். அழுத்தினால் அமுங்கும். உடம்பும் கை கால்களும் பெரும்பாலும் கெட்டி பிளாஸ்டிக். பார்க்க ஒரே நிறம்தான், ஆனால் இரண்டும் வேற வேற ஜாதி. வினைல் தாங்குகிற அசிட்டோனைக் கெட்டி பிளாஸ்டிக் தாங்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு சந்தையில் 50 ரூபாய்க்கு வாங்கிய பொம்மை. முகத்தைத் துடைத்த அதே பஞ்சால் காலில் இருந்த கறையையும் துடைத்தேன். கால் வெளுத்து, கொழகொழன்னு ஆகி, என் கைரேகை அதில் அப்படியே பதிஞ்சுபோச்சு. அந்தப் பொம்மை இன்றும் என் மேஜையில் இருக்கு, எச்சரிக்கைப் பலகை மாதிரி. பெரியப்பா பொம்மையில் கை வைக்கும் முன்னாடி அது நடந்தது என் அதிர்ஷ்டம். நீங்களும் வேண்டியவங்க பொம்மையைத் தொடும் முன், யாருக்கும் வேண்டாத ஒன்றில் பழகிக்கோங்க.

பழம்பொருள் கடைகளில் இன்னொரு வகை கிடைக்கும். முட்டை ஓடு மாதிரி மெலிசா, எடையே இல்லாமல், தட்டினால் டொக் டொக்குன்னு. அது செல்லுலாய்டாக இருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் செய்து அனுப்பிய பொம்மைகள் பலவும் இதுதான். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கட்டை விரலால் ஒரு இடத்தைச் சூடு வருகிற வரை தேய்த்து முகர்ந்து பாருங்க. சூடம் வாசனை லேசா வந்தால் செல்லுலாய்டு. காரணம், நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துத்தான் அதைத் தயாரித்தார்கள். சட்டென்று தீப்பிடிக்கும். விளக்கு, அடுப்பு, ஹேர் டிரையர், வெந்நீர், அசிட்டோன் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி, காற்றோட்டமாக வைத்தால் போதும். குழந்தை கையில் கொடுக்கிற பொம்மை இல்லை அது.

அழுக்கு, பேனா மை, பிசுபிசுப்பு

வினைல், கெட்டி பிளாஸ்டிக் இரண்டுக்கும் சாதாரணக் குளியல் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட், குழந்தைகள் டூத் பிரஷ். கழுத்து, தோள், இடுப்பு இணைப்புகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகாமல் பார்த்துக்கோங்க. உள்ளே போன தண்ணீர் வெளியே வர நாள் கணக்காகும், அதற்குள் பூஞ்சை வந்துவிடும்.

மூடித் திறக்கிற கண் உள்ள பொம்மையைத் தண்ணீரில் முக்கவே கூடாது. கண்ணுக்குப் பின்னாடி ஒரு சின்ன எடை இருக்கு. அதுதான் பொம்மையைப் படுக்க வைத்தால் இமையைக் கீழே இழுக்கிறது. அந்த இணைப்பில் உலோகம் இருந்தால் துருப்பிடிக்கும். கஜாவில் நனைந்த எங்க பொம்மைக்கு அதுதான் ஆகியிருந்தது. இடது கண் பாதியில் நின்றுவிட்டது. குண்டூசி முனையில் தையல் மிஷின் எண்ணெயை ஒரே ஒரு துளி எடுத்து இமை ஓரத்தில் வைத்து, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் பொம்மையை மெதுவா முன்னும் பின்னும் சாய்க்கணும். விரலால் இமையைத் தள்ளக் கூடாது. மூணு நாள் இப்படிச் செய்தபிறகு கண் அசைந்தது. முழுசா மூடவில்லை, முக்கால்வாசி மூடுது. தூங்குகிற மாதிரி நடிக்கிற குழந்தை மாதிரி இருக்கு. அப்படியே விட்டுட்டேன்.

பேனா மைதான் பெரிய தலைவலி. மை வினைலுக்கு மேலே நிற்காது, உள்ளே இறங்கிவிடும். சோப்பு, எலுமிச்சை, சானிடைசர்னு தேய்த்தால் கறை பரவுமே தவிரப் போகாது. பொம்மை சரி பண்ணுகிறவங்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவது முகப்பரு ஜெல். அதில் இருக்கிற பென்சாயில் பெராக்ஸைடு நிறத்தை வெளுக்கும். கறை மேலே மட்டும் தடிமனாகப் பூசி, சுற்றிலும் வாஸ்லின் தடவி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, வெயிலில் சில மணி நேரம் வையுங்க. கழுவிட்டு மறுபடியும். வெளிநாட்டில் 10 சதவிகித ஜெல் பயன்படுத்துவாங்க. நம்ம மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்கிற 2.5, 5 சதவிகித ஜெல்லில் வேலை மெதுவாத்தான் நடக்கும், வாரக்கணக்கில்கூட ஆகலாம். அவசரப்பட்டு விட்டுவைத்தால் கறையோடு பொம்மையின் நிறமும் சேர்ந்து வெளுத்துவிடும். கையுறை போடுங்க, நல்ல சட்டையோடு செய்யாதீங்க, சட்டையும் வெளுக்கும்.

இன்னொரு விஷயம், பழைய பொம்மையைத் தொட்டால் பிசுபிசுன்னு ஒட்டுமே. அது அழுக்கு இல்லை. வினைல் மெத்தென்று இருக்கச் சேர்க்கிற பொருள் காலப்போக்கில் வெளியே கசிகிறது. கழுவித் துடைத்து, லேசா பவுடர் போட்டால் குறையும், மறுபடியும் வரும். இதை மோசமாக்குவது நாம் ‘பத்திரமா’ இருக்கட்டும்னு சுற்றி வைக்கிற பாலிதீன் கவர்தான். கவரைத் தூக்கிப் போட்டுட்டு, பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி வையுங்க.

துணி உடம்பு உள்ள பொம்மை நனைந்திருந்தால் பாவம் பார்க்காதீங்க. முதுகுத் தையலைப் பிரித்து உள்ளே இருக்கிற பஞ்சை எடுத்துப் போட்டுடுங்க. உறையை மட்டும் துவைத்துக் காயவைத்து, புதுப் பஞ்சு அடைத்துத் தையுங்க.

வலை நூலில் முடி

சிக்கு விழுந்த முடிக்கு முதலில் கண்டிஷனர். நுனியிலிருந்து மேலே மேலே சீவிக்கொண்டு வாங்க, வேரிலிருந்து இழுத்தால் கையோடு வந்துவிடும். பிறகு வெந்நீர். பொம்மை முடி பெரும்பாலும் நைலான் மாதிரியான செயற்கை இழை. சூட்டில் இளகி, ஆறும்போது இருக்கிற வடிவத்தில் நிற்கும். அதனால் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்து, முகத்தைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, முடியை மட்டும் கொதி அடங்கிய வெந்நீரில் சில விநாடி முக்கி எடுத்து, நேராகச் சீவி ஆறவிட்டால் புதுசு மாதிரி படியும். சுருள் வேணும்னா ஸ்ட்ராவில் சுற்றி அதே வெந்நீர் வைத்தியம். முதலிலிருந்தே சுருளாக இருக்கிற முடியில் இதைச் செய்யாதீங்க, அந்தச் சுருள் திரும்ப வராது.

முடியே கொட்டிப்போயிருந்தால்? தலையை வெந்நீரிலோ ஹேர் டிரையரிலோ சூடாக்கினால் கழுத்து இளகும், தலையைக் கழற்றலாம். (கண் மூடித் திறக்கும் பொம்மைக்கு டிரையர் மட்டும்.) உள்ளே இருந்து பழைய முடியைப் பிடுங்கி, அதே துளைகளில் ஊசியால் புது இழையைக் கோத்து, உட்பக்கம் பசை வைத்து ஒட்டணும். பொறுமை இருந்தால் வரும். பொறுமை இல்லைன்னா கம்பளி நூலில் ஒரு தொப்பி பின்னி மாட்டிடுங்க, தப்பே இல்லை.

ஜெகதாப்பட்டினத்தில் எனக்குக் கிடைச்ச யோசனை வலை நூல். அதுவும் நைலான்தானே? என் கால் உருகின பொம்மைக்கு அதை வெச்சே முடி நட்டேன். முறுக்கின நூலைப் பிரித்தால் பட்டு மாதிரி மெல்லிய இழைகள் வரும். முறுக்கின சுருள் போக வெந்நீரில் முக்கி, சீவணும். தங்கூஸ் என்று சொல்கிற ஒற்றை நரம்பு இதற்கு ஆகாது, தலையில் கம்பி நட்ட மாதிரி நிற்கும். கடலுக்குப் போய் வந்த வலையும் வேண்டாம், எத்தனை தடவை அலசினாலும் அந்த வாடை போகலை. கடையில் வாங்கின புது நூல் மட்டும்தான் சரி. எனக்குக் கிடைச்சது பச்சை. இப்போ அந்தப் பொம்மைக்குக் கால் கொஞ்சம் உருகியிருந்தாலும் முடி பிரமாதம்.

முகம்

இங்கேதான் திரும்பி வர முடியாத பாதை. பழைய பெயின்ட்டை அழித்துவிட்டால் அந்த முகம் போனதுதான். அதனால் கண் ஒரு பக்கம் மங்கியிருக்கு, உதடு தேய்ஞ்சிருக்கு என்றால் அதை மட்டும் தொட்டு வரையுங்க. முழுசா அழிக்காதீங்க.

அழித்தே ஆகணும் என்றால், வினைல் தலையில் மட்டும், அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர், காது குடையும் பட்ஸ். ஜன்னலைத் திறந்து வையுங்க. பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு பக்கம் வேண்டவே வேண்டாம், அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும். அழித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடணும்.

வரைய அக்ரிலிக் பெயின்ட். எனாமலும் நெயில் பாலிஷும் வினைலில் சரியாகக் காயாது, வருஷம் போனாலும் ஒட்டும். முதலில் கலர் பென்சிலால் லேசாகக் கோடு. இரண்டு கண்ணையும் சேர்த்தே வரையுங்க. இடது கண்ணை முடித்துவிட்டு வலதுக்குப் போனால் இரண்டும் ஒரே ஆளைப் பார்க்காது. பெயின்ட்டைத் தண்ணீர் சேர்த்து மெலிசாக்கி, இரண்டு மூன்று தடவை பூசுங்க. ஒவ்வொன்றும் காய்ந்தபிறகு அடுத்தது. கண்ணின் வெள்ளைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், துளி பழுப்பு சேர்த்தால் பயமுறுத்தாத கண் கிடைக்கும். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்ததும் சட்டென்று உயிர் வந்த மாதிரி இருக்கும். கடைசியில் பளபளப்பு இல்லாத மேட் வார்னிஷ்.

ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியலை. நம்ம கடைகளில் கிடைக்கிற பொம்மைகளில் பெரும்பாலானவை இன்னும் ரோஸ் நிறத் தோல், நீலக் கண்தான். கண்ணைக் கறுப்பாக மாற்றுவது சுலபம். தோல் நிறத்தை மாற்ற உடம்பு முழுக்க பெயின்ட் அடிக்காதீங்க, முழங்கையும் இடுப்பும் திரும்பும் இடத்தில் உரிஞ்சு வரும். மாநிற, கறுப்பு நிறப் பொம்மை கிடைத்தால் அதையே தேடி வாங்கிச் சரி பண்ணுங்க.

பெரியப்பா பொம்மையில் நான் அசிட்டோனைத் தொடவே இல்லை. உதட்டுக்கு மட்டும் புதுச் சிவப்பு. பொட்டு அப்படியே இருக்கு.

ஆறால் வகுத்தால் புடவை

துணிக்கு வருவோம், எனக்குப் பிடிச்ச பகுதி. பார்பி மாதிரியான பொம்மை 29 செ.மீ உயரம், அதாவது நிஜ மனுஷியில் சுமார் ஆறில் ஒரு பங்கு. எந்த உடையின் அளவையும் ஆறால் வகுத்தால் போதும். ஐந்தரை மீட்டர் நீளம், 115 செ.மீ அகலம் உள்ள புடவை, பார்பிக்கு 92 செ.மீ நீளம், 19 செ.மீ அகலம். எங்க 40 செ.மீ பொம்மைக்கு நாலால் வகுத்தேன். 137 செ.மீ, 29 செ.மீ.

ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கு. நீளம் அகலம் சுருங்கும், துணியின் கனம் மட்டும் சுருங்காது. முழு அளவில் வெட்டிக் கட்டினால் இடுப்பில் தலையணை கட்டின மாதிரி உப்பும். அதனால் நீளத்தில் கால்வாசியைக் குறைச்சுக்கோங்க, பத்துக் கொசுவத்துக்குப் பதில் ஐந்து போதும். துணியும் பழசாக, பல தடவை துவைத்து மெலிஞ்ச காட்டனாக இருக்கணும். புதுப் பாலியஸ்டர் படியவே படியாது. பார்டருக்குப் பெரிய புடவையின் பார்டரை வெட்டாதீங்க. கைக்குட்டை ஓரத்தில் இருக்கிற கோடுதான் பொம்மைக்குச் சரியான பார்டர். பூப்போட்ட துணியிலும் அதே விதி, பூ உங்க சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னதா இருக்கணும்.

நான் எடுத்தது பெரியம்மாவின் பழைய சுங்குடிப் புடவை. முழங்கால் பக்கம் நைந்து போயிருந்தது, ஓரம் நல்லாயிருந்தது. கஞ்சி போட்டு அயர்ன் பண்ணி, கொசுவத்தை மடித்து, இடுப்பில் ஓட்டுத் தையல் போட்டுப் பிடித்து, அதை ஒரு மெல்லிய எலாஸ்டிக்கோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். குழந்தை இழுத்தாலும் அவிழாது, மறுபடியும் அப்படியே மாட்டிக்கலாம். முந்தானையை ரவிக்கைத் தோளில் ஒரு டிச் பட்டன் பிடித்திருக்கு.

ரவிக்கைக்குத்தான் அளவு தேவை. பொம்மையின் மேல்உடம்பை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, அதன் மேல் பேப்பர் டேப் ஒட்டுங்க. எங்கே தையல் வரணுமோ அங்கே பேனாவால் கோடு போட்டு, கோட்டோடு வெட்டி எடுத்து விரித்தால் அதுவே பேட்டர்ன். சுற்றிலும் அரை செ.மீ தையலுக்கு விட்டுத் துணியை வெட்டணும். அதற்குக் குறைவாக விட்டால் நூல் பிரிஞ்சு போகும், கூடினால் அக்குளில் தடிக்கும். மிஷினைவிடக் கைத்தையல் நல்லது, இவ்வளவு சின்னத் துண்டை மிஷின் பல் விழுங்கிவிடும். முதலில் கைப்பகுதியைத் தைத்துவிட்டுப் பிறகு பக்கத்தை மூடுங்க. முதுகு முழுக்கத் திறக்கிற மாதிரி வைத்தால்தான் மாட்ட முடியும். பொம்மையின் விரல் விரிஞ்சிருக்கும், கை நுழையும்போது துணியில் சிக்கும். ஒரு பாலிதீன் துண்டை விரல்களில் சுற்றிக்கிட்டு நுழைத்தால் வழுக்கிட்டுப் போயிடும்.

பாவாடை எல்லோருக்கும் முதல் தடவையே வரும். இடுப்புச் சுற்றளவில் மூன்று மடங்கு நீளம், மேல் ஓரத்தில் இரண்டு வரி ஓட்டுத் தையல், நூலை இழுத்தால் சுருக்கம், ஒரு பட்டி, ஒரு பட்டன். ஆண் பொம்மைக்குக் கைலி இன்னும் சுலபம். இரண்டு மீட்டரை ஆறால் வகுத்து 33 செ.மீ துண்டை மூட்டினால் போதும். கட்டம் மட்டும் சின்னதா இருக்கட்டும், நிஜக் கைலித் துணியில் தைத்தால் ஒரே கட்டத்துக்குள் பொம்மை மொத்தமும் அடங்கிடும்.

தைக்கும் முன் துணியைத் துவைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்க. சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றும் சாயம் விட்டால் அந்த நிறம் வினைல் தோலில் இறங்கிவிடும், பிறகு முகப்பரு ஜெல்தான் கதி. சந்தேகம் இருந்தால் உள்ளே வெள்ளை லைனிங் கொடுங்க. உடையில் குண்டூசி, இரும்புக் கொக்கி வேண்டாம். கடலோர ஊரில் ஒரே மழைக்காலத்தில் துருக் கறை பிடிக்கும். உலோகத் தோடும் அப்படித்தான், பழைய பார்பி பொம்மைகளில் காது பச்சையாகிப் போவது அதனால்தான்.

மரமும் மண்ணும்

மரப்பாச்சியைத் தண்ணீரில் ஊறவைக்காதீங்க, வெடிக்கும். காய்ந்த துணி, விரலில் தொட்ட எண்ணெய், அவ்வளவுதான். பழசு செம்மரமாக இருந்தால் பெயின்ட் அடித்து மூடிடாதீங்க. இப்போ செம்மரத்தில் புதுசு கிடைப்பது அபூர்வம்.

கொலுப் பொம்மை களிமண்ணோ காகிதக்கூழோ எதுவாக இருந்தாலும் தண்ணீர் ஆகாது, பழைய வண்ணம் அப்படியே கரைஞ்சு வரும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்க. உடைந்த விரலுக்கு எம்-சீல் நல்லா நிற்கும், மேலே உப்புத்தாள் தேய்த்து, போஸ்டர் கலர் தொட்டால் போதும். பெரிய உடைசலுக்கு மதுரை விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு மாதிரி இடங்களில் கைவினைஞர்கள் இருக்காங்க, அவங்ககிட்ட கொடுத்திடுங்க. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் அடிப்பாகத்தில் மட்டும் எதையும் ஒட்டாதீங்க. அந்த வளைவும் எடையும்தான் அதை நிமிர்த்துது.

குழந்தை கையில் கொடுக்கும் முன்

இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது 2021 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன்னால் வந்த பழைய பிளாஸ்டிக், பழைய பெயின்ட் இரண்டிலும் ஈயம் மாதிரியான உலோகங்கள் இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் எதையும் வாயில் வைக்கிற, மூன்று வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பழைய பொம்மை வேண்டாம். எவ்வளவு அழகாகச் சரி பண்ணியிருந்தாலும். பெரிய குழந்தைன்னாலும் பட்டன், பாசிமணி எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்துட்டுக் கொடுங்க. சரி பண்ணிய பொம்மையை விற்கலாம்னு யோசனை இருந்தால் இந்த விதியை முதலில் படிச்சிடுங்க. கைவினைஞராகப் பதிவு செய்தவர்களுக்கு விலக்கு இருக்கு, எல்லோருக்கும் இல்லை.

போன மாசம் ஜெகதாப்பட்டினம் போய் பொம்மையைக் கொடுத்தேன். பெரியம்மா புடவையைத் தொட்டுப் பார்த்து, ‘இது என் சுங்குடிதானே?’ என்றார். அக்கா முதலில் பார்த்தது கன்னத்தை. மகள் பொம்மையை வாங்கி, படுக்க வைத்து, தூக்கி, முக்கால் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, கடைசியாகப் புடவையைத் தூக்கிக் காலைப் பார்த்தாள்.

‘சித்தி, செருப்பு எங்க?’

பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, வலை நூலில் வார் வைத்துப் பார்த்துக்கிட்டிருக்கேன். இடது கால் வந்தாச்சு.